சமூக ஊட்டச்சத்துப் படிப்பு: வகுப்பறையில் என்ன, களத்தில் என்ன?

கேள்வி இதுதான். பி.எஸ்சி. ஊட்டச்சத்து முடித்த ஒருவர், எம்.எஸ்சி.க்கு மருத்துவமனை சார்ந்த டயட்டெடிக்ஸ் எடுப்பதா, சமூக ஊட்டச்சத்து எடுப்பதா என்று யோசிக்கிறார். சமூக ஊட்டச்சத்தில் என்னதான் சொல்லித் தருவார்கள்? களப்பயிற்சி என்றால் அங்கன்வாடியில் சார்ட் ஒட்டிவிட்டு, சத்துமாவு உருண்டை செய்து காட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு வருவதுதானா? அதற்கு இரண்டு வருஷம் எதற்கு? முடித்தால் என்ன வேலை கிடைக்கும்? இப்படிக் கேட்டிருக்கிறார்.

தமிழ்நாட்டில் மாணவிகளைக் களத்துக்கு அழைத்துப் போவதும், அவர்கள் கொண்டுவரும் பதிவுகளைத் திருத்துவதும் என் வேலையின் பெரும்பகுதி. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சார்ட் ஒட்டுவதோடு முடிகிற களப்பயிற்சிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் படிப்பு அதுவல்ல. நன்றாக நடக்கும் இடத்தில் சேர்ந்தால், வேறு எங்கும் கிடைக்காத ஒரு பழக்கம் உங்களுக்கு வந்துவிடும்: கண்முன்னால் இல்லாதவரைப் பற்றி முதலில் கேட்பது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனை டயட்டீசியனிடம் நோயாளி நடந்து வருகிறார். சர்க்கரை அளவு, கிரியேட்டினின், எடை எல்லாம் பைலில் இருக்கும். வந்தவருக்குச் சரியான உணவுத் திட்டம் போட்டுக் கொடுப்பது அந்த வேலை. அது பெரிய வேலைதான். சமூக ஊட்டச்சத்தில் உங்கள் பொறுப்பு வந்தவரோடு முடிவதில்லை. ஓர் அங்கன்வாடியின் எல்லைக்குள் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள், அவர்களில் எத்தனை பேர் இந்த மாதம் எடை போடப்பட்டார்கள், போடப்படாதவர்கள் யார், ஏன் வரவில்லை என்பதில்தான் வேலை தொடங்குகிறது. மெலிந்த குழந்தை பெரும்பாலும் வராதவர்கள் பக்கம்தான் இருக்கும். காய்ச்சலோடு வீட்டில் படுத்திருக்கும், அல்லது அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போயிருக்கும், அல்லது பாட்டி ஊரில் இருக்கும். வந்த குழந்தைகளை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் ஊர் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தைப் பார்த்தால், ஒவ்வொரு தாளும் எதற்கு என்று புரியும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தாள்களின் பெயர் மாறும். ஆனால் ஊட்டச்சத்து நிலை மதிப்பீடு, நோய்ப்பரவலியல், உயிரியல் புள்ளியியல், திட்டமிடலும் கண்காணிப்பும், ஊட்டச்சத்துக் கல்வி, உணவுப் பாதுகாப்பு, ஆராய்ச்சி முறைகள் ஆகியவை எங்கும் இருக்கும். மாணவிகள் பயப்படுவது புள்ளியியலுக்கு. அலுப்போடு கடப்பது நோய்ப்பரவலியலை. என்னைக் கேட்டால் இந்த இரண்டும்தான் படிப்பின் முதுகெலும்பு. கலோரியும் புரதமும் நீங்கள் பி.எஸ்சி.யிலேயே படித்துவிட்டீர்கள்.

நோய்ப்பரவலியலின் அருமை புரிய ஓர் உதாரணம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முதலில் நம் குன்னூரில்தான் பிறந்தது. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே ஒரு சின்ன ஆய்வகத்தில், தயமின் (வைட்டமின் பி1) குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். பிறகு அது வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது. அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி எல்லா இடத்திலும் இல்லை. வடக்கே, இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் நிறைய. தெற்கே அரிதாகத்தான் பார்க்க முடிந்தது. இரண்டு பக்கமும் சோறுதான் முக்கிய உணவு. வித்தியாசம், அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. ஒரு நோயாளியை எவ்வளவு நேரம் பரிசோதித்தாலும் இது தெரியாது. யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

திட்டங்களின் வரலாற்றையும் இதே கண்ணோடு படியுங்கள். காமராஜர் காலத்து மதிய உணவு, 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் (அங்கன்வாடித் திட்டம்), எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவு, 2022-இல் வந்த முதலமைச்சரின் காலை உணவு என்று தேதிகளை மனப்பாடம் செய்வது தேர்வுக்கு ஆகும். களத்துக்கு உதவுவது, ஒவ்வொரு திட்டமும் யாரைத் தொட்டது, யாரைத் தொடவில்லை என்ற கேள்வி. அந்தப் பார்வையில் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது 1980-இல் உலக வங்கி உதவியோடு, மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். அதில் 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு கொடுத்து, ஏறியதும் நிறுத்தினார்கள். எடை போடும் ஊழியர் ஊர்க்காரப் பெண். இன்றைக்கும் வளர்ச்சிக் கண்காணிப்பு என்று நாம் செய்வதன் வேர் பெருமளவு அங்கே இருக்கிறது.

ஏன் 36 மாதம்? மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தை மையத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், பாட்டுப் பாடும், சாப்பிடும். நாம் பார்க்கிறோம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ளது வீட்டில் இருக்கும். அதற்குப் போவது பெரும்பாலும் சத்துமாவுப் பொட்டலம்தான். ஆனால் உயரக் குறைவு விழுவது பெரும்பாலும் அந்த இரண்டு வயதுக்குள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்திய அளவில் 35.5. உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் இங்கே 14.6 சதவீதம். நாட்டின் சராசரியைவிட நாம் தேவலாம் என்பது உண்மை. நாலில் ஒரு குழந்தை என்பதும் உண்மை. அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடை கொண்டவர்கள், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரே வீட்டில் உயரம் குறைந்த குழந்தையும், எடை கூடி ரத்தம் குறைந்த அம்மாவும் இருப்பதைக் களத்தில் அடிக்கடி பார்ப்பீர்கள். 'நல்லா சாப்பிடுங்க' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வர முடியாத வீடு அது.

இப்போது அளவெடுப்பதைப் பற்றி. இதை ஒரு சில்லறை வேலை என்று நினைக்கிறார்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து நீளம் அளக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைப்பக்கம் மண்டியிட்டு, குழந்தையின் உச்சந்தலை பலகையைத் தொடும்படி, பார்வை நேராக மேலே இருக்கும்படி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மற்றவர் முழங்காலை மெதுவாக அழுத்தி, கால்களை நீட்டி, நகரும் பலகையைக் குதிகாலில் பொருத்த வேண்டும், விரல் நுனியில் அல்ல. கொண்டையோ ரப்பர் பேண்டோ இருந்தால் கழற்ற வேண்டும். அரைஞாண் கொடியையும் கொலுசையும் கழற்றச் சொல்லி அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆனால் எடை போடும்போது அவை இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை கத்தும். அம்மா பதறுவார். அந்தச் சில விநாடிகளில் மில்லிமீட்டர் வரை படித்து, உரக்கச் சொல்லி, எழுதுபவர் திரும்பச் சொல்ல, பிறகுதான் குழந்தையை எடுக்க வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வளர்ச்சித் தரத்தில் 24 மாத ஆண் குழந்தையின் நடு நீளம் 87.8 செ.மீ. அதற்குக் கீழே போனால் உயரக் குறைவு என்று கணக்கிடும் மைனஸ் 2 எஸ்.டி. (திட்ட விலக்கம்) கோடு 81.7 செ.மீ. அதாவது ஓர் எஸ்.டி. என்பது சுமார் 3 செ.மீ. நீங்கள் ஒரு சென்டிமீட்டர் தவறாக அளந்தால், மூன்றில் ஒரு பங்கு எஸ்.டி. போய்விட்டது. கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குழந்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்துவிடும். படுத்து அளப்பதற்கும் நின்று அளப்பதற்கும் 0.7 செ.மீ. வித்தியாசம் உண்டு. அதைக் கூட்டவோ கழிக்கவோ மறந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஒரு குழுவின் பதிவேட்டைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது கடைசி இலக்கத்தை. 78.0, 81.5, 80.0, 76.5 என்று பூஜ்யமும் ஐந்துமாகவே வந்தால், பலகையைப் படிக்கவில்லை, சுமாராகப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். களத்துக்குப் போகும் முன்பு, ஒவ்வொரு மாணவியும் அதே குழந்தைகளை இரண்டு முறை அளந்து, தன் முதல் அளவோடும் பயிற்சியாளரின் அளவோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி நடக்க வேண்டும். அது நடக்காத துறையில் களத்தரவுக்கு மதிப்பில்லை.

புஜச் சுற்றளவு நாடா எளிது, ஆனால் ஏமாற்றும். இடது கையில், தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே குறியிட்டு, கையைத் தொங்கவிட்டு, நாடா சதையை அழுத்தாமல் படிய வேண்டும். 6 முதல் 59 மாதக் குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் மெலிவு, 12.5-க்குக் கீழே என்றால் மிதமானது. இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி, குழி நிற்கிறதா என்று பார்ப்பதையும் பழகுங்கள். நீர் கோத்த குழந்தை தராசில் நன்றாக இருப்பதுபோலக் காட்டும்.

வயதும் ஓர் அளவுதான். 'ரெண்டு வயசு ஆகப் போகுது' என்ற பதிலை எழுதக் கூடாது. தாய் சேய் நல அட்டையைக் கேளுங்கள். பெரும்பாலும் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் ரேஷன் கார்டோடு இருக்கும். பிறந்த தேதியும் பிறந்த எடையும் தடுப்பூசித் தேதிகளும் அதிலேயே கிடைக்கும்.

அடுத்தது உணவு விசாரணை. 24 மணி நேர நினைவுகூர்தல் என்று பாடத்தில் நாலு பக்கம் இருக்கும். களத்தில் அது ஒரு உரையாடல். நடக்கும் விதம் ஏறக்குறைய இப்படி. மாலை ஐந்து மணிக்கு மேல், வேலைக்குப் போனவர் வந்து முகம் கழுவி, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் போகிறீர்கள். 'நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கக்கா' என்று ஆரம்பிக்கிறீர்கள். அவர் இட்லியில் ஆரம்பிப்பார். அதற்கு முன் குடித்த டீயை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க மாட்டார். டீயோடு தொட்டுக்கொண்ட வறுக்கியும் வராது. நீங்கள் எதையும் எடுத்துக் கொடுக்காமல் ஒருமுறை முழுதாகக் கேட்டு முடித்துவிட்டு, இரண்டாவது சுற்றில்தான் இடைவெளிகளைத் தொட வேண்டும். 'அதுக்கும் பதினோரு மணிக்கும் நடுவுல?' என்று. அப்போதுதான் டீ வரும், குழந்தைக்குக் கடையில் வாங்கிக் கொடுத்த பாக்கெட் வரும், அங்கன்வாடியில் கொடுத்த முட்டையை அக்காவும் தம்பியும் பாதிப் பாதி சாப்பிட்டது வரும்.

'குழந்தைக்குக் கீரை கொடுக்கிறீங்களா?' என்று மட்டும் கேட்காதீர்கள். படித்த பெண் ஒருத்தி நோட்டோடு வந்து கேட்டால் 'கொடுக்கிறேன்' என்றுதான் யாரும் சொல்வார்கள்.

அளவு கேட்பது அடுத்த கட்டம். ஒரு கரண்டி, ஒரு டம்ளர், ஒரு ஆழாக்கு என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. அவர் வீட்டுப் பாத்திரத்தையே எடுத்துவரச் சொல்லி, அவர் நேற்று எடுத்த அளவு அரிசியைப் போட்டுக் காட்டச் சொல்லி, உங்கள் தராசில் நிறுங்கள். உதாரணத்துக்கு, 400 கிராம் அரிசி வடித்ததும் 1,200 கிராம் சோறாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை சாப்பிட்டது 150 கிராம் சோறு என்றால் அதன் பங்கு 50 கிராம் அரிசி, சுமார் 175 கிலோ கலோரி. இந்தக் கணக்கை வீடு வீடாகப் போட்டுப் பழகுங்கள். 2017-இல் வந்த இந்திய உணவுக் கலவை அட்டவணையில் 528 உணவுகளுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் தட்டில் எவ்வளவு விழுந்தது என்பதை அது சொல்லாது.

எந்த நாளைக் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். திங்கட்கிழமை போய்க் கேட்டால் ஞாயிறு கறிக்குழம்பு வந்து நிற்கும். அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் மறுநாள் கேட்டால் ஊரே சைவம். மாத முதல் வாரத்துக்கும் கடைசி வாரத்துக்கும் குழம்பின் அடர்த்தியே மாறும். விசாரணை நாட்களை வாரம் முழுக்கப் பிரித்துப் போடச் சொல்லி வகுப்பில் ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள். அந்த வரியின் கனம் இங்கேதான் தெரியும்.

கடைசியாக, அந்த அம்மா தான் என்ன சாப்பிட்டார் என்பதைக் கேளுங்கள். 'எல்லாரும் சாப்பிட்டதும் இருந்ததைச் சாப்பிட்டேன்' என்பார். அங்கே அவசரப்படாமல், என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்று கேட்க வேண்டும். ரசமும் சோறும் மட்டும் என்று அப்போதுதான் வரும்.

இந்த விசாரணையிலிருந்துதான் ஆலோசனை பிறக்க வேண்டும், சார்ட்டிலிருந்து அல்ல. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பருப்புத் தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பை வேகவைத்து, மேலே நிற்கும் தெளிவை இறுத்து, உப்பும் சீரகமும் சேர்த்துச் சங்கிலோ கரண்டியிலோ ஊட்டுவார்கள். அம்மாவுக்குப் பருப்பு கொடுத்த திருப்தி. ஆனால் பருப்பு பாத்திரத்தின் அடியில் இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் 6–8 மாதக் குழந்தைக்கு இணை உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோ கலோரி வேண்டும், 9–11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550. வயிறு சின்னது. தண்ணீரால் அதை நிரப்பினால் அந்தக் கணக்கு ஒருநாளும் தேறாது. இந்த வீட்டில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: அதே பருப்பை மசித்து, சோற்றோடு பிசைந்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாத பதத்தில் ஊட்டுங்கள். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். தனியாகச் சமைக்கவும் வேண்டாம். பாட்டியும் அந்த நேரம் கூட இருக்கட்டும், ஏனென்றால் பகலில் ஊட்டுவது பல வீடுகளில் அவர்தான். 'கெட்டியா கொடுத்தா செரிக்காதும்மா' என்பார். அவரோடு வாதாடாமல், இன்றைக்கு ரெண்டு வாய் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்குப் போய்க் கேளுங்கள். அந்த மறுநாள் போவதில்தான் பலன் இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். கர்ப்பிணிக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, தினம் ஒன்று வீதம் 180 நாள் கொடுக்கிறார்கள். பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று இருக்கும். விழுங்கப்பட்டதா என்பது வேறு. 'அட்டையைக் காட்டுங்கக்கா' என்று கேட்டு, எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று பாருங்கள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது என்ற காரணங்கள் அதற்குப் பிறகுதான் வெளியே வரும். கறுப்பாகப் போவது சாதாரணம் என்று யாராவது ஒருமுறை பொறுமையாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தியிருக்க மாட்டார்கள். சாப்பிட்டவுடன் டீயோடு விழுங்காமல், ராத்திரி படுக்கும் முன் விழுங்கிப் பார்க்கச் சொல்லலாம். குமட்டல் தெரியாமல் தூக்கத்தில் கழிந்துவிடும்.

சரி, களப்பயிற்சியை எப்படி நடத்திக்கொள்வது? முதல் சில நாட்களுக்கு எதையும் சொல்லித் தரப் போகாதீர்கள். அங்கன்வாடிப் பணியாளர் காலையிலிருந்து என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, முன்பருவக் கல்வி நடத்தி, செல்போனில் போஷன் டிராக்கர் செயலியில் பதிந்து, சத்துமாவு கொடுத்த கணக்கு எழுதி, தேர்தல் காலத்தில் அந்த வேலையும் பார்ப்பார். உதவியாளர் சமையலில் இருப்பார். சமையல் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் போய்க் கருத்துக்கணிப்புத் தாளை நீட்டினால் உங்களை யாருக்கும் பிடிக்காது. பெரியவர் என்றால் 'அம்மா', இல்லையென்றால் 'அக்கா' என்று கூப்பிட்டு, கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டே பேசுங்கள். அந்த ஊரில் எந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்தக் கணினிக்கும் தெரியாது.

மாவட்டத் திட்ட அலுவலரிடமிருந்து அனுமதிக் கடிதத்தைக் கல்லூரி முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். அப்புறம் வட்டாரத்தில் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரையும் மேற்பார்வையாளரையும் பார்த்துவிட்டுத்தான் மையத்துக்குப் போக வேண்டும். கிராம சுகாதார செவிலியரின் தடுப்பூசி நாள் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான் கைக்குழந்தைகள் வெளியே வரும். நூறு நாள் வேலை நடக்கும் ஊரென்றால் பகலில் வீடுகள் பூட்டியிருக்கும். வேலை நடக்கும் ஏரிக்கரைக்கே போய்ப் பேசுவது தப்பில்லை. அங்கே மரத்தடித் தூளியில் தூங்கும் குழந்தைகளும் உங்கள் கணக்கில் வர வேண்டியவர்கள்தான்.

அதற்குப் பிறகு நான் எல்லாக் குழுவுக்கும் கொடுக்கும் முதல் வேலை: மூன்று பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அங்கன்வாடிப் பதிவேட்டில் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், செவிலியரின் பிறப்பு மற்றும் தடுப்பூசிப் பதிவில் உள்ளவர்கள், நீங்களே தெருத்தெருவாகப் போய் வீடு எண்ணி எழுதியவர்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போன பெண்ணின் குழந்தை இரண்டு ஊரிலும் இருக்கும், அல்லது இரண்டு ஊரிலும் இருக்காது. வாடகைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பம் எதிலும் இருக்காது. ஊருக்கு வெளியே தள்ளி இருக்கும் நாலு வீடுகள், அங்கே போக மழைக்காலத்தில் சேறு என்பதால், எடை போடும் நாளில் எப்போதும் விடுபடும். ஒரு மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே சில ஊர்களில் யார் பிள்ளை வரும், யார் பிள்ளை வராது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. சாதியைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் சமூக ஊட்டச்சத்தை யாரும் முழுதாகப் படிக்க முடியாது என்று நான் நம்புகிறேன். பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு அலகு இல்லாவிட்டாலும் உங்கள் நோட்டில் ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்று பட்டியலிலும் ஒத்துவராத பெயர்களை வீடு வீடாகத் தேடிப் போங்கள். களப்பயிற்சியின் மிகப் பயனுள்ள நாட்கள் அவைதான்.

அப்படித் தேடிப் போகும் வீட்டில் கடும் மெலிவோ பாத வீக்கமோ உள்ள குழந்தையைப் பார்த்தால், அதை உங்கள் ஆய்வுத் தரவு என்று எழுதிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அன்றைக்கே பணியாளருக்கும் செவிலியருக்கும் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கோ போக ஏற்பாடு செய்யுங்கள். போனார்களா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். குழந்தையின் முகம் தெரியும்படி போட்டோ எடுக்க வேண்டாம். உங்கள் ஆய்வின் முடிவையும் அந்த ஊரிலேயே, பணியாளரும் அம்மாக்களும் இருக்கும்போது, புரிகிற தமிழில் சொல்லிவிட்டு வாருங்கள். பல ஊர்களில் எடை போட்டுவிட்டுப் போனவர்கள் நிறைய, திரும்ப வந்து சொன்னவர்கள் குறைவு. அந்தக் குறை அவர்களுக்கு இருக்கிறது.

செய்முறைச் சமையல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர் ரேஷன் கடையில் கிடைக்கும் அரிசி, துவரம் பருப்பு, அங்கன்வாடிச் சத்துமாவு, வேலியில் இருக்கும் முருங்கை, அன்றைய சந்தைக் காய் ஆகியவற்றை மட்டும் வைத்துச் செய்யுங்கள். எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம், எத்தனை வாய் சாப்பிட்டது என்று மூன்றையும் குறியுங்கள். சமைத்ததைக் குழந்தை சாப்பிடுவதை உட்கார்ந்து பாருங்கள். சத்துமாவு வாங்கிய வீடுகளில் அது யார் வயிற்றுக்குப் போகிறது என்பதையும் கேட்டுவையுங்கள். வீட்டில் ஆறு பேருக்கும் கொழுக்கட்டையாகப் பங்கு போனால், குழந்தைக்குத் திட்டம் போட்ட 500 கிலோ கலோரியில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கே படிப்பது என்றால், மனையியலில் நீண்ட மரபுள்ள கோவை அவினாசிலிங்கம், காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம், மதுரையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரி, சென்னை மகளிர் கல்லூரிகள், வெளியே ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், டெல்லி லேடி இர்வின், பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம் எனப் பல இருக்கின்றன. பெயரைவிட முக்கியம், சேர்வதற்கு முன் இரண்டாம் ஆண்டு மாணவியிடம் நீங்கள் கேட்கும் கேள்விகள். களத்தில் தொடர்ந்து எத்தனை வாரம் தங்க வைக்கிறார்கள்? ஒரே ஊருக்கு மறுபடி போகிறார்களா, அல்லது தினம் ஒரு ஊரா? நீளப் பலகை துறையில் இருக்கிறதா, எத்தனை? பேராசிரியர் கூட வருகிறாரா? களத்தரவை நீங்களே கணினியில் ஏற்றி அலசுகிறீர்களா, அல்லது வெளியே கொடுத்து வாங்குகிறீர்களா? கடைசிக் கேள்விக்கு 'வெளியே' என்று பதில் வந்தால் அங்கே யோசித்துச் சேருங்கள்.

வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மருத்துவமனையில் டயட்டீசியனாகத்தான் வேண்டும் என்றால் டயட்டெடிக்ஸ் எடுத்து மருத்துவமனைப் பயிற்சியை முடிப்பதே நேர்வழி. சமூக ஊட்டச்சத்து முடித்தவர்கள் மத்திய அரசின் போஷன் ஊட்டச்சத்துத் திட்டத்தின் ஒப்பந்தப் பணிகள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வுத் திட்டங்கள், யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் ஆலோசகர் பணி, ஆசிரியப் பணி என்று போகிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்குத் தேர்வு அறிவிக்கும்போது கல்வித் தகுதியைப் பார்த்து எழுதுங்கள். ஆரம்பத்தில் பல வேலைகள் ஒப்பந்தம்தான், சம்பளமும் பெரிதாக இருக்காது. வீட்டுச் சூழல் அதைத் தாங்குமா என்று பார்த்து முடிவெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்கள் நேர்காணலில் கேட்பது பெரும்பாலும் களத்தைப் பற்றித்தான். எத்தனை குழந்தைகளை அளந்தீர்கள் என்பதைவிட, விடுபட்டவர்கள் எத்தனை பேர், அவர்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் தனித்துத் தெரிவீர்கள்.

வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது என்றால் எக்செல் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். குழந்தைகளின் வளர்ச்சி அளவுகளைக் கணக்கிடும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆந்த்ரோ மென்பொருள் இலவசம், அதை இறக்கிக் கற்பனை எண்களைப் போட்டுப் பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வில் உங்கள் மாவட்டத்துக்கான அறிக்கை தனியாகக் கிடைக்கும், அதைப் படியுங்கள். உங்கள் தெரு அங்கன்வாடிக்குப் போய், அனுமதி கேட்டு, எடை போடும் நாளில் கூட நில்லுங்கள். அன்றைக்கு வராத குழந்தைகளின் பெயர்களைப் பணியாளரிடம் கேட்டு, யார் ஏன் வரவில்லை என்று அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். டயட்டெடிக்ஸா, சமூக ஊட்டச்சத்தா என்பதை அதற்கு அப்புறம் முடிவு செய்தால் போதும்.